சாரத்தில் சாரம்மா

“ஏளா, சிரிக்காத. பல்பொடி விளம்பரத்துக்கா நிக்க? சட்டியப் பிடிச்சிருக்க கை தெரியணும், அதான் முக்கியம்.”

இப்படிச் சொல்லிக்கொண்டே செல்லக்கிளி போன் காமிராவை முந்தானையின் உள்பக்கத்தால் துடைக்கிறாள். சேலைக்கு மேல் போட்டிருக்கிற ஆண்பிள்ளைச் சட்டையால் துடைக்க மாட்டாள். அதில் சிமெண்ட் தூசி இருக்கும். கண்ணாடியில் கீறல் விழுந்துவிடும். படியில் பாதி ஏறி நிற்கும் இசக்கியம்மாவின் தலையில் கலவைச் சட்டி. சும்மாட்டின் ஓரத்திலிருந்து தண்ணீர் காதோரம் சொட்டுகிறது.

“யக்கா, வெரசா எடு. கழுத்து எறங்குது.”

“எறங்கட்டும். எறங்குத கழுத்த நிமித்திக்கிட்டு நிக்கேல்லா, அதத்தான் எடுக்கேன்.”

போன் சொடுக்குப் போடுகிறது. இசக்கியம்மா மேலே போய்விடுகிறாள். செல்லக்கிளி போனைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சட்டைப் பைக்குள் வைத்து, பையின் வாயை ஊக்கால் குத்திவிட்டுத் தன் சட்டியை எடுத்துக்கொள்கிறாள்.

பேட்டையில் எழும்பிக்கொண்டிருக்கும் மாடி வீட்டில் அவள் சித்தாள். சுத்தமல்லியிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறாள். வயது கேட்டால் நாற்பத்தாறு என்பாள்; ஓட்டர் அட்டை இன்னும் கொஞ்சம் கூடச் சொல்லும். சட்டை புருஷன் முத்துமாலையுடையது. வயல் வேலைக்குப் போகிற அவன் கல்யாண வீட்டுக்கு, சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு என்று எந்தச் சட்டையைத் தேடினாலும் அது செல்லக்கிளியின் மேல் சிமெண்ட் பூசிக்கொண்டு இருக்கும். “சட்டை எடுத்துக் குடுத்தா அவ போட்டுக்கிடுதா. இனிமே சேலைதான் எடுத்துக் கட்டணும் நான்” என்று அவன் டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் சரி, ஊர் சுற்றிக் காட்டிவிடுவாள். “அந்தப் பச்சை வீடு தெரியுதா? அதுக்கு மண்ணு சுமந்தது நாங்க. ஆஸ்பத்திரி மாடி இருக்குல்லா, அதுல ஒரு கோடை பூரா கெடந்தேன்.” வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை, விலையில் ஒரு பைசா குறைக்காத கடை. அங்கே போய்ச் சேலையை விரித்துப் போட்டுவிட்டு, “இந்தச் செவத்துக்கு நாள் தவறாம தண்ணி ஊத்துனவ நான். கட்டடத்துக்கு வேண்டியவன்னு பாத்துப் போடுங்க” என்று கேட்டவள். குறைக்கவில்லை. ஆனால் கல்லாவில் இருந்த அண்ணாச்சி எழுந்து நின்று ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அதை அவள் குறைத்த கணக்கில்தான் வைத்திருக்கிறாள்.

படம் எடுக்கிற வேலை அவளுக்குத் தானாக வந்து சேர்ந்தது. வீட்டுக்காரர் இர்ஷாத் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். அன்றன்றைக்கு எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று சாயங்காலம் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். கொத்தனார் தேவேந்திரன் கரண்டி பிடித்தால் சுவர் நூல் பிடித்தது மாதிரி வரும். போனைப் பிடித்தால் பாதிப் படத்தில் அவருடைய கட்டைவிரல்தான் வரும். “செல்லக்கிளி, நீ எடுத்து அனுப்பு தாயி” என்று அவர் ஒரு நாள் வேலையை அவள் தலையில் கட்டிவிட்டார்.

அவள் அனுப்பிய முதல் படம் அஸ்திவாரக் குழி. குழிக்குள் இசக்கியம்மா மண்வெட்டியோடு, தலை மட்டும் வெளியே தெரிய நின்றாள். தம்மாமிலிருந்து குரல் வந்தது. “அண்ணே, குழிக்குள்ள ஒரு அம்மா நிக்கிறாங்களே?” தேவேந்திரன் முழிக்க, செல்லக்கிளி போனை வாங்கிப் பேசினாள்: “ஆழம் தெரியாண்டாமா தம்பி? வெறுங்குழிய அனுப்புனா நாய் பறிச்ச குழி மாதிரில்லா இருக்கும்!”

அடுத்த நாள் செங்கல் அடுக்கு. அதன் பக்கத்தில் ஒருத்தி. அதற்கடுத்த நாள் ஜன்னல் வைக்கும் இடைவெளி; அதற்குள் ஒருத்தி. ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர் எழுதி அனுப்புவாள். எழுத்துக்கூட்டி, விரலால் தேடித் தேடித் தட்டுவதற்குள் பஸ் போய்விடும். பிறகு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவாள். “வேலையாளு படமெல்லாம் வேண்டாம்ணே, சுவரு மட்டும் போதும்” என்று இர்ஷாத் கொஞ்சம் கறாராகவே சொல்லிவிட்டார். தேவேந்திரனும், “அவரு வீடு, அவரு இஷ்டம். ஆளு விழக்கூடாதுன்னா விழக்கூடாது” என்று விரல் நீட்டினார்.

செல்லக்கிளி சரி என்று தலையாட்டினாள். அன்று சாயங்காலம் போன படத்தில் சுவர்தான் இருந்தது. சுவரின் ஓரத்தில், முழங்கை வரைக்கும் கலவை அப்பிய ஒரு கை மட்டும் இருந்தது. கீழே ‘கை: இசக்கியம்மா’ என்று எழுதியிருந்தது.

“ஆளு வேண்டாம்னேன்லா!” என்றார் தேவேந்திரன்.

“ஆளா இருக்கு? கைதான இருக்கு.”

மறுநாள் ஒரு பாதம். அதற்கடுத்து தண்ணீர் ஊற்றுகிற குழாயும், குழாயைப் பிடித்த நாலு விரலும். இப்படிக் கொஞ்ச நாள் போயிற்று. ஒருநாள் நிஜமாகவே வெறும் சுவர் போனது. அன்று மழை, பெண்கள் கொட்டகைக்குள் ஒதுங்கிவிட்டார்கள். உடனே தம்மாமிலிருந்து போன்: “என்னக்கா, இன்னைக்கு யாரையும் காணோம்? வேலை நின்னுட்டா? இங்க ரூம்ல எல்லாரும் கேக்கானுவ, இன்னைக்கு யாரு கைன்னு.” அதன் பிறகு ஆள் விழலாமா கூடாதா என்ற பேச்சே எழவில்லை.

கல்யாண வீட்டில் சேலை கட்டிப் பூ வைத்து எடுத்த படம் எல்லாரிடமும் இருக்கிறது, வேலை செய்கிற இடத்தில் எடுத்த படம் யாரிடம் இருக்கிறது என்பது செல்லக்கிளியின் கட்சி. “வீடு முடிஞ்சா பெயிண்ட் அடிச்சிருவாவ. நாம நின்ன எடம் தெரியாமப் போயிரும். படத்துலயாவது நிக்கட்டும்.” அவள் சொன்னால் பெண்களும் நின்றார்கள். ஆசையாக நின்றவர்கள் உண்டு. அவள் வாய்க்குப் பயந்து நின்றவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வகையைப் பற்றி அவள் அதிகம் யோசித்ததில்லை.

சாரம்மாள் இந்த இரண்டிலும் சேராதவள். செல்லக்கிளியைவிட இரண்டு வயது மூத்தவள், அதிகம் பேசாதவள். காலையில் இஸ்திரி போட்ட சேலையும் தோள்பையுமாக வந்து இறங்குவாள். பார்க்கிறவர்கள் டீச்சர் என்று நினைப்பார்கள். தகரக் கொட்டகைக்குள் போய்ப் பழைய சேலைக்கும் சட்டைக்கும் மாறி வருவாள். சாயங்காலம் முகம் கை கால் கழுவி, மறுபடியும் டீச்சராகித்தான் பஸ் ஏறுவாள். “என்னைய மட்டும் எடுக்காத செல்லக்கிளி” என்று அவள் ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். செல்லக்கிளி அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

மாடிச் சுவர் எழும்பியபோது வெளிப்பக்கம் சாரம் கட்டினார்கள். சவுக்குக் கம்புகளின் மேல் போட்ட ஒற்றைப் பலகையில் சாரம்மாள் நின்று, கீழிருந்து வருகிற சட்டியை வாங்கி மேலே கொடுத்துக்கொண்டிருந்தாள். காற்று வீசியது. சட்டை பாய்மரம் மாதிரி உப்பியது. பின்னால் வயலும், அதற்கும் அப்பால் ஆற்றங்கரை மருதமரங்களும் தெரிந்தன. கீழே நின்ற செல்லக்கிளிக்குப் பொறுக்கவில்லை. “சாராக்கா!” என்று கூப்பிட்டாள். அவள் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், படம் விழுந்துவிட்டது. அவ்வளவு நல்ல படம் அதுவரை விழுந்ததில்லை. கீழே பெயர் எழுதினாள்: ‘சாரத்தில் சாரம்மா.’ தான் எழுதியதைத் தானே இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துச் சிரித்துக்கொண்டாள்.

இர்ஷாதுக்கும் அது பிடித்துப்போனது. ‘எங்கள் வீட்டைக் கட்டுகிறவர்கள்’ என்று தன் ஸ்டேட்டஸில் வைத்தார். அவர் ரூமில் திசையன்விளைப் பையன் ஒருவன் இருந்தான். அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான், பெயரைப் பார்த்தான், திசையன்விளைக்கு அனுப்பிவிட்டான். திசையன்விளையில்தான் சாரம்மாளின் மகளுக்கு மாப்பிள்ளை பேசி, பூவும் வைத்திருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் அந்தப் பையன்.

மறுநாள் டீ குடிக்கிற நேரத்தில் தரகர் பாபநாசம் சாரம்மாளுக்குப் போன் செய்தார். அவர் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. “படத்தப் பாத்துட்டாவ. தையல் கம்பெனியில சூப்பர்வைசர்னுல்லா நான் சொல்லியிருந்தேன்! மாப்பிள்ளைக்கு அம்மா நாளைக்கு நேர்ல வாராவளாம். நீங்க நிக்க எடத்துக்கே வாராவளாம்.”

சாரம்மாள் டீக் கிளாஸைக் கீழே வைத்தாள். அதில் பாதி டீ இருந்தது. செல்லக்கிளியைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “ஒன்னைய யாரு எடுக்கச் சொன்னா?”

செல்லக்கிளி எழுந்து சட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் தேவேந்திரனிடம் போய், “நீங்களே எடுத்து அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். தம்மாமுக்கு அன்று ஒரு சுவரும் ஒரு கட்டைவிரலும் போய்ச் சேர்ந்தன. ‘கட்டைவிரல் யாருது?’ என்று கேள்வி வந்தது.

பஸ்ஸிலும் அவள் யாருக்கும் கட்டடம் காட்டவில்லை. வீட்டில் முத்துமாலை, “உடம்புக்கு என்ன?” என்று கேட்டான். “ஒண்ணுமில்ல” என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “வேண்டாம் வேண்டாம்னு சொன்னா. எனக்குக் காதுல ஏறல” என்றாள். அவன் சட்டையைத் தேடாமல் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு ஆட்டோ வந்தது. பின்பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா ஞானப்பூ இறங்கினாள். திசையன்விளையில் பலசரக்குக் கடை நடத்துகிறவள். நல்ல உயரம், நல்ல குரல். தரகர் பாபநாசம் ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. சாரம்மாள் சல்லடை பக்கத்தில் மணல் அரித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவைப் பார்த்ததும் கொட்டகையை ஒரு பார்வை பார்த்தாள். மாற்றிக்கொண்டு வர நேரம் இல்லை.

அவளுக்கு முன்னால் செல்லக்கிளி போய் நின்றாள். “மதினி, அவுக மேல ஒரு தப்பும் கெடையாது. எடுக்காத எடுக்காதன்னுதான் சொன்னாவ. எடுத்தது நான்.”

“நீ யாரு?”

“செல்லக்கிளி. இங்கன சித்தாளு.”

“படத்துக்கு அடியில பேரு போட்டது?”

“அதும் நான்தான்.”

“பேரு மட்டும் இல்லன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நல்ல வேலை பாத்த, போ” என்றாள் ஞானப்பூ. அது ஏச்சா பாராட்டா என்று அங்கே நின்ற யாருக்கும் பிடிபடவில்லை. அவள் செல்லக்கிளியைத் தாண்டிச் சாரம்மாளிடம் போனாள். போய்த் தன் பையைத் திறந்து மூன்று ஜாக்கெட் துணியை எடுத்தாள். பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள்.

“சம்பந்தி தையல் கம்பெனியில இருக்காவளே, கல்யாணத்துக்குத் தைச்சுத் தருவாவன்னு இத எடுத்து வச்சிக்கிட்டு, தெருவுல நாலு பேருட்டயும் சொல்லிட்டு உக்காந்திருக்கேன். இப்ப இத நான் யாருட்ட குடுக்க?”

சாரம்மாள் ஜாக்கெட் துணிகளைப் பார்த்தாள். கையில் இருந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“எனக்கு ஊசியில நூலு கோக்கவே வராது மதினி. இருபது வருசமா கட்டட வேலைதான். தரகர் தையல் கம்பெனின்னு சொன்னப்போ நான் இல்லன்னு சொல்லிருக்கணும். சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“சித்தாளு மவளான்னு ஒரு சொல்லு வந்துரக் கூடாதுன்னு.”

“அப்படிச் சொல்லுதவ எங்க தெருவுலயும் இருக்காவதான். அதுக்காக? கல்யாண வீட்டுல வந்து நிக்கும்போது இந்தக் கைய எங்க கொண்டு ஒளிப்ப?” ஞானப்பூ அவள் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினாள். “எந்தத் தையக்காரிக்கு இப்படி இருக்கு கை? மொத நாளே கேட்டிருப்பேன் நான்.”

ஆட்டோவுக்குள்ளிருந்து பாபநாசம் மெதுவாகத் தலையை நீட்டினார். “அப்போ பேச்சு… முறிஞ்சா மாதிரிதானா?”

“ஏன்வே, முறிக்கதுன்னா போன்லயே முறிச்சிருப்பேனே! இம்புட்டு தூரம் வந்து, வெயில்ல நின்னா முறிப்பாவ? பொய்யி சொன்ன கோவம் எனக்கு இருக்கு. அது போறதுக்கு நாளாகும். அத நானும் சம்பந்தியும் பாத்துக்கிடுவோம். நீரு பேசாம இரும்.” தலை உள்ளே போய்விட்டது.

பிறகு ஞானப்பூ வந்த வேலையைச் சொன்னாள். “அந்த எடம் எங்கன இருக்கு? படத்துல நிக்கியே, அது?” அவள் மகன் காற்றாலைக் கம்பெனியில் கோபுரத்தில் ஏறி வேலை செய்கிறவன். படத்தைப் பார்த்துவிட்டு, “எம்மா, அத்தை நிக்க நெலையப் பாரேன். பலகை ஆடும், கால் ஆடல. நம்ம தொழிலுக்காரி” என்று சிரித்தானாம். “எனக்குச் சிரிப்பு வரல. நாற்காலியில ஏறி பல்பு மாட்ட நான் பயப்படுதவ. நெசமாத்தான் அம்புட்டு உயரமான்னு பாக்கணும்னு இருந்துச்சு.”

சாரம்மாள் கைகாட்டினாள். ஞானப்பூ கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். சவுக்குக் கம்பு, அதற்கு மேல் கம்பு, அதற்கு மேல் ஒற்றைப் பலகை. பார்த்தபடியே தலையைப் பிடித்துக்கொண்டு மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டாள். இசக்கியம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். “கீழ நின்னு பாக்க எனக்கே சுத்துது. நீ எப்படி ஏறுத?” என்று கேட்டாள் ஞானப்பூ. “கீழ பாக்காம ஏறணும் மதினி” என்றாள் சாரம்மாள். அந்த இடத்தில்தான் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் சிரிப்பு வந்தது.

டீயும் ஆமவடையும் வந்தன. ஞானப்பூ மணலைவிட்டு எழுந்திருக்காமலே குடித்தாள். போகும்போது ஜாக்கெட் துணியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “திசையன்வெளயில ஆளா இல்ல தைக்க” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாபநாசத்தின் பக்கத்தில் உட்காராமல் அவரை முன்பக்கம் டிரைவரோடு ஒட்டி உட்காரச் சொன்னாள்.

ஆட்டோ திரும்பியதும் செல்லக்கிளிக்குப் போன உயிர் வந்தது. “பாத்தியாக்கா, எல்லாம் நல்லதுக்குத்தான்…” என்று ஆரம்பித்தாள்.

“நல்லபடியா முடிஞ்சதுனால நீ செஞ்சது சரியாயிருமா?” என்றாள் சாரம்மாள். குரலை உயர்த்தவில்லை. “என் தொழில நானே மொதல்ல சம்பந்திட்ட சொல்லிருக்கணும். அத நீ பறிச்சுட்ட. ‘எடுக்கவா’ன்னு ஒரு வார்த்த. அதக் கேக்க ஒனக்கு வாய் இல்லாமலா போச்சு?”

செல்லக்கிளியிடம் இதற்குப் பதில் இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். “இல்லக்கா. கேக்கல” என்றாள்.

மாடிக்குக் கூரையாக மட்டப்பா காங்கிரீட் போடுகிற நாள் வந்தது. கட்டட வேலையில் அதுதான் திருவிழா. விடிந்ததும் கலவை மெஷின் உறும ஆரம்பித்தது. கீழிருந்து மாடி வரைக்கும் பெண்கள் படிக்குப் படி வரிசையாக நின்றார்கள். சட்டிகள் கை மாறிக் கை மாறி மேலே போயின; வெறும் சட்டிகள் சிரிப்பும் கேலியுமாகக் கீழே வந்தன. தேவேந்திரன் மேலே நின்றுகொண்டு, “நிறுத்தக் கூடாது, நிறுத்தக் கூடாது” என்று கத்தினார். யாரும் நிறுத்தவில்லை என்பது அவருக்கும் தெரியும். இடையில் ஒரு லாரி ஜல்லி வரப் பிந்தியது. மெஷின் கொஞ்ச நேரம் ஓய்ந்தது. தம்மாமிலிருந்து, ‘அக்கா, ப்ளீஸ், கட்டைவிரல் வேண்டாம்’ என்று செய்தி வந்திருந்தது.

செல்லக்கிளி போனை எடுத்துத் துடைத்தாள். வரிசையின் கீழ்ப்படியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருத்தியாகப் போய் நின்றாள். “எடுக்கவா?”

இசக்கியம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “என்னக்கா புதுசா இருக்கு? எப்பவும் ‘நில்லு’ன்னுதான சொல்லுவ?”

“எடுக்கவான்னு கேட்டேன். ஆமான்னா ஆமான்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு.”

“ஆமா, ஆமா, எடு!”

கொண்டாநகரத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒருத்தி, “எனக்கு வேண்டாம்” என்றாள். ஏன் என்று கேட்க செல்லக்கிளிக்கு வாய் துடித்தது. கேட்கவில்லை. அவள் வரிசையைவிட்டு இறங்கி வேப்பமர நிழலுக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் போனைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மேல்படியில், வெயில் நேராக விழுகிற இடத்தில் சாரம்மாள் நின்றாள். ஜல்லி வருவதற்கு முன்னால் வந்த கடைசிச் சட்டி அவள் தலையில் இருந்தது. அதன் விளிம்பின் நிழல் நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் கறுப்பாக விழுந்திருந்தது. செல்லக்கிளி இரண்டு படி கீழேயே நின்றுவிட்டாள்.

“சாராக்கா. எடுக்கவா?”

தூரத்தில் லாரி ஹாரன் அடித்தது. மெஷினை மறுபடியும் முடுக்கினார்கள். வரிசையில் நின்ற எல்லாரும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் இரண்டு கையையும் உயர்த்தி, முகத்தில் நிழல் விழாதபடி சட்டியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டாள்.